யாரும் பூட்டாத கேட்



ஆடி பிறந்ததை மற்ற ஊர்களில் காற்று சொல்லும். சிவகாசியில் காலண்டர் சொல்லிவிடும். அடுத்த வருஷத்துத் தினசரிக் காலண்டர், மாதக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி, ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு வெளியிடுவது இங்கே வழக்கம். அன்றிலிருந்து அச்சகங்களுக்கு ஜனவரி வரை மூச்சுவிட நேரமிருக்காது. ஊரைச் சுற்றிலும் பட்டாசு ஆலைகள் தீபாவளியைக் குறிவைத்து ஓடிக்கொண்டிருக்கும். ஊரே நாளைய தேதியில் வாழும் மாதம் இது.

இந்த மாதத்தில்தான் நம் இதழின் அலுவலகத்துக்கு ஒரு வகைக் கடிதங்கள் அதிகம் வருகின்றன. முதலாளி இல்லாமல், சம்பளத் தேதி இல்லாமல், தன் கையையும் கற்பனையையும் நம்பித் தனியாகத் தொழில் செய்கிறவர்களின் கடிதங்கள். லேபிள் டிசைன் செய்கிறவர்கள், சுவரோவியம் வரைகிறவர்கள், குறும்படம் எடுக்கிறவர்கள், கதை எழுதுகிறவர்கள். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஓர் அச்சகத்தில் டி.டி.பி. பிரிவில் வேலை பார்த்தவர். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுக்கிறார். "பிரஸ்ஸில் இருந்தபோது சாயங்காலம் ஆனால் கிளம்பிவிடுவேன் அண்ணாச்சி. இப்போது வீட்டிலேயேதான் இருக்கிறேன், ஆனால் வேலையைவிட்டுக் கிளம்பவே முடியவில்லை. பார்ட்டி ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கரெக்‌ஷன் அனுப்புகிறார். எனக்கென்று படம் வரைந்து எவ்வளவோ நாளாயிற்று. சோம்பேறி ஆகிவிட்டேனா, இல்லை சரக்கு தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் இல்லை, தங்கச்சி. உங்கள் வீட்டுக்குக் கேட் இல்லை, அவ்வளவுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் இந்த மாதப் பக்கம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. அந்த வேலை முழுக்க எல்லைக் கோடுகளால் ஆனது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி விட்டிருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். இரும்புக் கருவி ஆகாது, பித்தளை, மரம்தான். உள்ளே நுழையும்முன் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கத் தாமிரத் தகட்டைத் தொட வேண்டும். நைலான் சேலை கூடாது, பருத்திதான். மருந்து கலக்கும் வேலையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிடுவார்கள். வானம் இருட்டி இடி இடித்தால் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் பூட்டிக் கிடக்கும். பிறகு பூஜை போட்டுத்தான் திறப்பார்கள்.

இந்த விதிகள் எல்லாம் மனித உயிரைக் கொடுத்து எழுதப்பட்டவை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அதுவும் தீபாவளி நெருக்கடிக் காலம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வரும் செய்திகளைப் படித்தால் அநேகமாக ஒரே கதை இருக்கும்: அறைக்கு அதிகமான ஆள், அளவுக்கு அதிகமான மருந்து, சீசனுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். நம் மேசை வேலையை அந்த உயிர்ப் பணயத்தோடு நான் ஒப்பிட வரவில்லை. டிசைன் தாமதமானால் யாரும் சாவதில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்தான். ஆபத்தான வேலைக்கு இந்த ஊர் கேட் போட்டு, நேரம் போட்டு, இடைவெளி போட்டு, வருஷத்தில் ஒரு விடுமுறையும் போட்டு வைத்திருக்கிறது. தனியாகத் தொழில் செய்கிறவருக்கு இவற்றில் எதையும் யாரும் போட்டுத் தருவதில்லை. காலையில் திறந்துவிடவும் ஆள் இல்லை, இரவில் பூட்டவும் ஆள் இல்லை. போன் வந்த பிறகு அந்தக் கேட் படுக்கைக்குப் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது.

'குட்டி ஜப்பான்' என்று நம்மூரைப் பாராட்டிப் பாராட்டியே கெடுத்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஓயாமல் உழைப்பது என்பதை ஒரு பட்டமாகவே சட்டையில் குத்திக்கொண்டோம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்கிறோம். மழை பொய்த்த கரிசல் பூமியில் அந்த உழைப்புதான் சோறு போட்டது. அதை மறுக்க முடியாது. ஆனால் தீப்பெட்டி அடுக்குவதற்குப் பழகிய வேகத்தை அப்படியே கதைக்கும் ஓவியத்துக்கும் கொண்டுவர முடியாது. ஒரு குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற கைக்கு, கூடுதல் நேரம் என்றால் கூடுதல் காசு. யோசிக்கிற தலைக்கு அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. பத்தாவது மணி நேரத்தில் போட்ட டிசைனை மறுநாள் காலையில் பார்த்து நீங்களே அழித்திருப்பீர்கள்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தார். மேலாண்மறைநாட்டு எழுத்தாளர் மேலாண்மை பொன்னுச்சாமி. 1951-இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஊரில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். 'செம்மலர்' போன்ற இதழ்களில் எழுத ஆரம்பித்து, பிறகு பெரிய பத்திரிகைகள் வரை போய், 2007-இல் 'மின்சாரப்பூ' சிறுகதைத் தொகுப்புக்கு சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். 2017-இல் காலமானார்.

அவருடைய கதையைச் சொல்லும்போது எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: அஞ்சாங்கிளாஸ் படித்தவர், பெட்டிக்கடைக்காரர், விருது வாங்கினார், ஆகா! எனக்கு அந்த 'ஆகா'வில் விருப்பமில்லை. கடையை ஏதோ அவர் தாண்டி வந்த தடையைப்போல் அது காட்டுகிறது. கிராமத்துக் கடை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். காலையில் பால், தேயிலை, சீனி வாங்க வருகிற கூட்டம். சாயங்காலம் காட்டிலிருந்து திரும்புகிறவர்களின் கூட்டம். நடுவில் வெயிலும் ஈயும்தான். கடனுக்கு வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தாலே வீட்டில் என்ன நடக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய மகள் மாமியார் வீட்டிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் தராசுத் தட்டின்மேல் வந்து விழுகிற சேதிகள். அவர் கதைகளில் வருகிற மனிதர்களைப் படித்தால், இவர்களை வெகு அருகில் இருந்து தினமும் பார்த்தவர் எழுதியது என்று புரியும். கடை அவருக்குச் சோறும் போட்டது, சரக்கும் கொடுத்தது, நடுப்பகலில் நேரமும் கொடுத்திருக்கும். அதைவிட முக்கியமாக, கதை விற்றால்தான் இன்றைக்கு அரிசி என்ற நிலை வராமல் காத்தது. பத்திரிகைக்காரனுக்குப் பிடித்த மாதிரி வளைத்து எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பத்திரிகைக்காரனாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

"வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா?" என்று கேட்டு எழுதும் தம்பிகளுக்கு நான் அவசரமாகப் பதில் போடாததற்கு இதுதான் காரணம். முழுநேரம் கிடைத்தால் முழுமனதும் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஆண்டிபட்டிக்காரரான எழுத்தாளர் பூமணி கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். 'பிறகு', 'வெக்கை' நாவல்கள் இரண்டும் அரசு வேலையில் இருந்துகொண்டே எழுதியவை. 'அஞ்ஞாடி' வருவதற்கு முன் அவரிடமிருந்து பல ஆண்டுகள் நாவலே வரவில்லை. வந்தபோது ஆயிரம் பக்கத்தைத் தாண்டி, 1899 சிவகாசிக் கலவரத்தையும் சேர்த்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வாழ்வைச் சுமந்துகொண்டு வந்தது. 2014-இல் சாகித்ய அகாதெமி விருதும் வந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவரைப் பார்த்தவர்கள் 'எழுதுவதை விட்டுவிட்டார்போல' என்று நினைத்திருக்கக்கூடும். கரிசல் மண்ணும் அப்படித்தான், வெளியே பார்த்தால் வெடித்துக் கிடக்கும்.

கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் பாதை வேறு மாதிரி. விருதுநகர் மாவட்ட எல்லையைத் தாண்டிய ஊர்தான் கோவில்பட்டி என்றாலும், அவரை விட்டுவிட்டுச் சிவகாசிக் காலண்டரைப் பற்றிப் பேச முடியாது. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். 1940-களில் அப்படி வந்த ஒரு கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, அவர் அங்கேயே தங்கிவிட்டார். வேலை போன இடத்தில் தேவி ஆர்ட் ஸ்டுடியோவைத் தொடங்கினார். ஓவியம் ஒரு பக்கம், போட்டோ வேலை ஒரு பக்கம். பக்கத்தில் இருந்த சிவகாசி அச்சகங்கள் காலண்டர் படத்துக்கு ஆள் தேட ஆரம்பித்தபோது, தேர்ந்த கை பக்கத்திலேயே இருந்தது. நம் தாத்தா பாட்டி வீட்டுப் பூஜை அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த லட்சுமி, சரஸ்வதி, முருகன் படங்களில் பல, அவரும் அவருடைய சீடர்களும் வரைந்தவை. நாடகத் திரைச்சீலையில் பழகிய அந்த அரண்மனைத் தூணும் தொங்கும் திரையும்தான் பிறகு சாமி படங்களுக்குப் பின்னணியாக வந்து உட்கார்ந்தன.

எனக்கு அவரிடம் பிடித்த விஷயம், படங்களைவிட, அவர் வேலை செய்த முறை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சீடர்கள்தான் குடும்பம். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் என்று ஒரு வரிசையே அவரிடம் உருவானது. பல படங்களில் அவருடைய பெயரோடு சீடரின் பெயரும் சேர்ந்தே கையெழுத்தாக இருக்கும். பழைய காலண்டர் கிடைத்தால் அடி மூலையைப் பாருங்கள். இன்றைக்குத் தனியாகத் தொழில் செய்கிறவர்கள் செய்யத் தயங்குகிற காரியம் அது. வேலையைப் பகிர்ந்துகொண்டால் பார்ட்டி கைமாறிவிடுவார் என்ற பயம். அதனால் கோடு போடுவதும் நாமே, வண்ணம் கொடுப்பதும் நாமே, பில் போடுவதும் நாமே, பணம் கேட்டு நடையாய் நடப்பதும் நாமே. கொண்டையராஜு 1976-இல் காலமான பிறகும் அந்தப் பாணிப் படங்கள் சீடர்கள் கையால் வந்துகொண்டே இருந்தன. தனியாள் என்றால் தன்னந்தனி ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

சேக்காளி வேண்டும். இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்த எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அப்படிப்பட்ட சேக்காளிகள். அழகிரிசாமி சென்னைக்கும் மலேயாவுக்கும் போனார், கி.ரா. ஊரில் சம்சாரியாக இருந்தார். நடுவில் கடிதங்கள் ஓடின. அழகிரிசாமி எழுதியவை பிற்பாடு புத்தகமாகவே வந்துவிட்டன. முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கி.ரா. கதை எழுதவே ஆரம்பித்தார். அதற்கு முந்தைய வருஷங்களில் சங்கீதம் கேட்டது, படித்தது, படித்ததைப் பற்றிச் சேக்காளியோடு பேசியது, அவ்வளவும் கணக்கில் வராத வேலை. மாதம் ஒருமுறையாவது, காசு பேசாமல், செய்த வேலையைக் காட்டி 'எப்படிடா இருக்கு?' என்று கேட்க ஓர் ஆள் உங்களுக்கு இருக்கிறாரா? சமூக வலைதளத்து விருப்பக்குறிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே 'நல்லாயில்லை' என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லி, பிறகு டீயும் வாங்கிக் கொடுக்க யாரும் இல்லை.

இனிப் பணம். இதைப் பேசாமல் ஆரோக்கியமான வேலைப் பழக்கம் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை. ராத்திரி பதினோரு மணிக்கு வந்த கரெக்‌ஷனை அந்தத் தங்கச்சி ஏன் அப்போதே செய்கிறார்? பார்ட்டி வேறு ஆளிடம் போய்விடுவாரோ என்ற பயத்தில். பயத்துக்கு மருந்து மன உறுதி என்று அறிவுரைப் புத்தகங்கள் சொல்லும். நான் சீட்டு என்பேன். தீபாவளிச் சீட்டு போடாத வீடு நம் பக்கத்தில் எத்தனை இருக்கும்? மாதாமாதம் கொஞ்சம் கட்டி, வருஷக் கடைசியில் துணியும் பலகாரமும் வாங்க ஒரு தொகை. அதே முறையில் வேலை இல்லாத மாதங்களுக்கென்று ஒரு தொகையைப் போட்டு வையுங்கள். நம்பிக்கையான ஆள் இல்லையென்றால் தபால் ஆபீஸ் ஆர்.டி. போதும். 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆலை மூடினால் லேபிள் அச்சு நிற்கும். லேபிள் அச்சு நின்றால் டிசைனரின் போன் அடிக்காது. பட்டாசைத் தொடாதவர்களும் அந்த வருஷம் கடன் வாங்கினார்கள். கையில் மூன்று மாதச் செலவு இருந்தால் பதினோரு மணி மெசேஜுக்குக் காலையில் பதில் போடத் தைரியம் தானாக வரும்.

அட்வான்ஸ் விஷயத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆலைத் தொழிலாளி அட்வான்ஸ் வாங்கினால் அவர் முதலாளிக்குக் கட்டுப்பட்டவர். அதைக் கழிக்கும்வரை வேறு இடம் போக முடியாது. தனித் தொழில் செய்கிறவர் அட்வான்ஸ் வாங்கினால் கட்டுப்படுவது பார்ட்டி. பாதிப் பணம் கொடுத்தவர் பத்துத் தடவை மனம் மாற மாட்டார். ஆனால் நம்மூர்க்காரர்களுக்கு அதைக் கேட்க வாய் வராது. 'அண்ணாச்சி தெரிஞ்சவரு, அவருகிட்ட எப்படிக் கேக்குறது?' தெரிந்தவர் என்பதால்தான் கேட்கலாம். இரண்டு கரெக்‌ஷன் இலவசம், மூன்றாவதிலிருந்து காசு என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அப்படிச் சுளித்துப் போகிறவர் கடைசியில் பணமும் ஒழுங்காகக் கொடுத்திருக்க மாட்டார் என்பது இந்தத் துறையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

வாசகரிடமே முன்பணம் வாங்கிப் பிழைத்த கதையும் இந்த ஊரிலேயே உண்டு. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது முத்து காமிக்ஸ். 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தபோது அதன் ஆசிரியர் எஸ். விஜயனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. சென்னையிலிருந்து வெகு தூரத்தில், சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பியச் சித்திரக்கதைகளைத் தமிழ் பேச வைத்தார்கள். தொலைக்காட்சி வந்து பிள்ளைகளைக் கொண்டுபோன பிறகு இதழ்கள் தடுமாறின, இடைவெளிகள் விழுந்தன. 2012 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துத் திரும்ப வந்தார்கள். அன்று சிறுவர்களாகப் படித்தவர்கள் இன்று சந்தா கட்டுகிற பெரியவர்கள். அந்த இதழ்களைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கதைக்கு முன்னாலேயே ஆசிரியர் கடிதத்தைத் திறந்து படிப்பார்கள். எது ஓடியது, எது விற்காமல் கட்டாகக் கிடக்கிறது, எந்த முடிவு சொதப்பியது என்று வளவளவென்று மனம்விட்டு எழுதும் கடிதங்கள். ஆசிரியர் பக்கம் எழுதுகிற எனக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு. இடைவெளி விழுந்தாலும் வாசகர் காத்திருந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

உடம்பைப் பற்றி நீளமாகப் பேச நான் வைத்தியன் இல்லை. நம்மூர் வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து படைப்பாற்றலைத் தேடாதீர்கள். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை தலை வேலை. மதியத்துக்குப் பில், போன், பிளேட் அனுப்புவது என்று கை வேலை. தண்ணீர் குடியுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தூரத்தில் எதையாவது பாருங்கள். வீட்டுக்கு வெளியே வேப்பமரம் இருந்தால் நல்லது. முதுகுவலி வந்த பிறகு நாற்காலி வாங்குகிறவர்கள்தான் அதிகம். முதல் நல்ல கூலியில் நாற்காலியை வாங்கிவிடுங்கள், இரண்டாவதில் பெரிய மானிட்டர் வாங்கிக்கொள்ளலாம்.

பட்டாசு ஆலை விதிகளில் ஒன்றை மட்டும் நீங்கள் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான சட்டம். மிச்சம் வைத்த மருந்து வெடித்த செய்திகள் உண்டு. எழுதுகிறவரும் வரைகிறவரும் மிச்சம் வைத்தே எழுந்திருக்க வேண்டும். அடுத்த வரி என்ன என்று தெரிகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். கடைசிச் சொட்டுவரை பிழிந்துவிட்டு எழுந்தால் மறுநாள் காலையில் வெறும் தாளின் முன் உட்கார வேண்டியிருக்கும். அரைகுறையாய் நிற்கும் ஒரு கோடு, காலையில் உங்களை அதுவே கூப்பிடும்.

தங்கச்சி, உங்களுடைய சொந்தப் படத்துக்கு வருகிறேன். அதற்கு நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், கிடைக்காது. வாரத்தில் ஒரு காலையைப் பார்ட்டிக்குக் கொடுப்பதுபோலவே உங்களுக்குக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொண்டால் செவ்வாய்க்கிழமைதான். அன்றைக்கு ஜாப் வந்தால் 'புதன்கிழமை தருகிறேன்' என்று சொல்லுங்கள்; காரணம் சொல்ல வேண்டாம். 'வேறொரு பார்ட்டி வேலை இருக்கிறது' என்றாலும் பொய் ஆகாது. பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம். தீப்பெட்டி லேபிள் அளவில் ஒரு படம் போதும். அந்தச் சின்னஞ்சிறு கட்டத்தில் மயிலும் ரோஜாவும் சாவியும் விமானமும் வரைந்து நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அனுப்பிய ஊர் இது. வரைந்தவர்களின் பெயரைத்தான் எந்தப் பெட்டியிலும் அச்சடிக்கவில்லை. நீங்கள் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள்.

வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். 'வீட்டில்தானே இருக்கிறாய்' என்ற வாக்கியத்துக்குத் தமிழ்நாட்டில் பலியான ஓவியங்கள் எவ்வளவோ. வீட்டில் இருப்பதும் சும்மா இருப்பதும் ஒன்றில்லை என்று பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். தனி அறை இல்லாவிட்டால் ஒரு மூலை, அதுவும் இல்லாவிட்டால் ஒரு நேரம். ராத்திரி எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்து மேலே துணியைப் போட்டு மூடிவிடுங்கள். பிரஸ்ஸில் இருந்தபோது கிளம்புவதற்கு முன் நீங்கள் அதைத்தானே செய்வீர்கள்? போனில் வியாபாரத்துக்கென்று ஒரு நம்பரைத் தனியாக வைத்து, எட்டு மணிக்கு மேல் அதை அணைத்துவிடலாம். பார்ட்டிகள் நாலு நாள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். எந்தப் பார்ட்டியும் ராத்திரி பதினோரு மணிக்குப் பாங்குக் கதவைத் தட்டுவதில்லை.

இந்த இதழில் பழைய தீப்பெட்டி லேபிள்களைச் சேர்த்துவரும் வாசகர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து எட்டுப் பக்கங்களை வண்ணத்தில் தந்திருக்கிறோம். அச்சிட்ட அச்சகம் எது, வரைந்தவர் யார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். பெயர்களை அடுத்த இதழில் சேர்ப்போம். தீபாவளி இதழுக்கான சிறுகதைகளை ஆவணி முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும். வீட்டிலிருந்து டிசைன் செய்கிற வாசகர்கள் தங்கள் சொந்தப் படங்களை, அளவு எதுவானாலும், அனுப்பலாம். வெளியிடும் ஒவ்வொரு படத்துக்கும் சன்மானம் உண்டு. கரெக்‌ஷன் கேட்க மாட்டோம்.

இன்னொன்று. ஆலைகளைப் போல நம் அலுவலகத்தையும் தீபாவளிக்கு மறுநாளிலிருந்து ஒரு வாரம் பூட்டி வைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அந்த வாரம் கதை கிடைத்ததா என்று கேட்டுப் போன் செய்யாதீர்கள். எடுக்க ஆள் இருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்